கடைசிப் பக்கத்துப் படம்

தம்பி,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "ஓகேமா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். அதையே நலம் என்று எடுத்துக்கொள். வாட்சப்பில் நான் பேசி அனுப்புவதை நீ வேகமாக ஓட்டிக் கேட்பாய் என்றும், அப்போது என் குரல் கோழி கொக்கரிப்பது மாதிரி இருக்கும் என்றும் உன் தங்கை மலர் சொல்லிவிட்டாள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஆறாம் வகுப்போடு நின்றவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காமல், உட்கார்ந்து மெதுவாகப் படி.

தை மாதம் உன் அப்பாவுக்கு அறுபது முடிகிறது. பத்தாங் பெர்ஜுந்தாய் கோயிலில் அறுபதாம் கல்யாணம் வைக்கலாம் என்று மலர் ஆரம்பித்து, குருக்களிடம் நாளும் குறித்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற கல்யாணத்தைப் பெற்றவர்கள் பிள்ளைக்குச் செய்வார்கள். இதைப் பிள்ளைகள்தான் பெற்றவர்களுக்குச் செய்துவைக்க வேண்டும். அழைப்பு அடிப்பது, ஆட்களைக் கூப்பிடுவது, கலசத் தண்ணீரை எடுத்து எங்கள் தலையில் ஊற்றுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. அப்படியென்றால் மகனை யார் அழைப்பது? "அப்பா கூப்பிட்டாரா?" என்று நீ மலரைக் கேட்டிருக்கிறாய். "அவன் நடத்த வேண்டிய கல்யாணத்துக்கு அவனுக்கே நான் வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்று அவர் இங்கே கேட்கிறார். இரண்டு பேர் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது.

மரத்துவிட்டது என்று சும்மா சொல்லவில்லை. போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேனே, அன்று வாயில் ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். சூடும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை, உதடு வெந்தது மறுநாள்தான் தெரிந்தது. இந்த நாலைந்து மாதமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். உன்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர்மேல் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அழுதால் நன்றாக இருக்குமே என்று ஒருநாள் சமையலறையில் நின்று பார்த்தேன். சோறு குழைந்துபோனதுதான் மிச்சம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது பாதி, எனக்குத் தெரிந்தது பாதி. உன் அப்பாவுக்கு இரண்டும் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறந்தால் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

உன் அப்பா புல் வெட்டும் குத்தகை ஆரம்பித்தபோது நீ கைக்குழந்தை. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிய நேரம். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர், இனி எவனுக்கும் கீழே நிற்கமாட்டேன் என்று இரண்டு புல்வெட்டி மெஷினும் ஒரு பழைய லோரியும் வாங்கி, லோரிக் கதவில் உன் பெயரைப் பெரிதாக எழுதினார். கம்பெனிக்கும் உன் பெயர்தான். ஆனால் அரசாங்க வேலை எதுவும் நேராக நம் கைக்கு வந்ததில்லை. பெரிய கம்பெனி ஒன்று எடுக்கும், அதிலிருந்து ஒருவன் வாங்குவான், அவனிடமிருந்து நாம் வாங்குவோம். எவனுக்கும் கீழே நிற்கமாட்டேன் என்றவர் இரண்டு பேருக்குக் கீழே நின்றார். சாலை ஓரமும் கால்வாய்க் கரையும் சுத்தமாகும், நம் கைக்கு வருவது அடிவண்டலாக இருக்கும். அதை வைத்துத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தோம். என்னோடு வேலை செய்த பெண்களும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். அவர்களில் சரோஜாக்காவுக்கு, தன் பையன் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குத் தோதாக இருந்த ஒரே வேலை இதுதான்.

போன வருஷம் மாநில அரசாங்கம் முறையை மாற்றியது. பெர்ஜுந்தாய் பக்கத்துச் சாலை ஓரங்களும் கால்வாய்களும் தனிக் குத்தகை, உள்ளூர் ஆட்கள் நேராகப் போடலாம் என்றார்கள். விலையை மட்டும் எழுதிப் போட்டுக் குறைந்தவனுக்குக் கொடுக்கும் பழைய டெண்டர் இல்லை. வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டிக்கு வருபவர்கள் முதலில் விளக்கக் கூட்டத்துக்கும் இடம் பார்ப்பதற்கும் கட்டாயம் வர வேண்டும், வராதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். அப்பாவுக்கு மலாய் பேச்சு வரும், எழுத்து ஓடாது. எனக்குக் கொஞ்சம் வாசிக்க வரும், அதனால் நானும் போனேன். வெயிலில் கால்வாய்க் கரையில் நிற்கவைத்து அந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். இரண்டு உறை. ஒன்றில் வேலைத் திட்டம், இன்னொன்றில் விலை. திட்டத்தைப் படித்து மார்க் போட்டு, தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். திட்ட உறைக்குள் கம்பெனி பெயர், முத்திரை, ஆள் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் இருக்கக்கூடாது. பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். மார்க் போடுகிறவர்களுக்கு அந்த எண்தான் தெரியும், ஆளைத் தெரியாது. கேட்க எனக்கு நன்றாக இருந்தது. நம் பெயரைப் பார்க்காமல் நம் வேலையைப் பார்க்கப்போகிறார்களே என்று நினைத்தேன்.

அன்று செகிஞ்சானிலிருந்து ஒரு சீனப் பெண் வந்திருந்தாள். மலர் வயதுதான் இருக்கும். அவள்தான் கேள்விமேல் கேள்வி கேட்டாள். ஆற்றுத் தண்ணீர் ஏறி கால்வாய் எதிர்த்துக்கொண்டால் வெட்டிய புல்லை எங்கே போடுவது, மெஷின் கெட்டுப்போனால் எத்தனை மணிக்குள் மாற்று மெஷின் வர வேண்டும் என்றெல்லாம். உன் அப்பா என் காதருகே குனிந்து, "வேல தெரியாதவங்கதான் கேள்வி கேப்பாங்க" என்றார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் உனக்கு ஃபோன் போட்டார். நீ ஷா ஆலமில் மாநில அரசாங்கத்தின் அந்தப் பெரிய கட்டடத்தில் இருக்கிறாய், குத்தகை சம்பந்தமான பிரிவில் இருக்கிறாய் என்பது எங்களுக்குப் பெருமை. எந்த மேசையில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டதில்லை. அவர் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசினார், எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"தம்பி, இந்தப் பக்கம் ஒரு குத்தக வந்திருக்குப்பா. புல்லு வேல. ப்ரொபோசல் எழுதணுமாம். நீ கொஞ்சம் பாத்து..."

"அப்பா, அப்பா, நிறுத்துங்க. எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. நீங்க போடறீங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரிய வேணாம். ப்ளீஸ் லா ப்பா."

"சரி சரி. சொல்லல."

"நான் சீரியஸா சொல்றேன்."

"புரியுதுப்பா, புரியுது."

ஃபோனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பாய். "பாத்தியா? படிச்சவன் படிச்சவன்தான். ஃபோன்ல எதுவும் பேசக்கூடாதுங்கிறான்" என்றார். நீ முடியாது என்று சொன்னது அவர் காதில் ஆகட்டும் என்று விழுந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் யார் யாருக்கு உதவி செய்தாலும் அதைச் சொல்லிச் செய்ததில்லை. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியார் நல்ல வேலைக்கு மாற்றிவிட்டால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். ஆட்களை வேலைக்கு விடும் மண்டோர் பட்டியலில் பெயர் போட்டுவிட்டால், எங்கிட்ட ஏன் கேக்கற என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தைத் திருப்புவதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம். நீயும் முகத்தைத் திருப்பினாய். காரியம் பழம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும்தான் நினைத்தேன், தம்பி.

அதற்குப் பிறகு அவர் திட்டம் எழுதுவதில் மனசு வைக்கவில்லை. மலரிடம் சொன்னார், அவர் பேசப் பேச அவள் மலாயில் அடித்துக் கொடுத்தாள். எங்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும், பல வருஷமாகச் செய்கிறோம், நல்லபடியாகச் செய்வோம். சுற்றிச் சுற்றி அதுதான். "தண்ணி ஏறினா என்ன செய்வீங்கன்னு எழுதணும்பா, அதுக்குத் தனி மார்க் இருக்கு" என்று மலர் சொன்னாள். "ஏறினா எறங்கும், எழுது" என்றார். அவருக்குத் தெரியாதது இல்லை. அவசியம் இல்லை என்று நினைத்துவிட்டார். அதோடு விடாமல், ஈஜோக் பக்கத்தில் ஒரு முதலாளியின் செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தோமே, அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அரசாங்க வேலை வந்தால் இரண்டையும் பார்க்க ஆள் போதாதாம். பிள்ளை பிறப்பதற்கு முன்னே பெயர் வைத்த கதை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

திட்டத்தின் கடைசியில் வேலை செய்யும் படம் ஒன்று வைக்கலாம், முகம் மட்டும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில் கால்வாய்க் கரையில் படம் எடுக்கக் கிளம்பினோம். நான் வழக்கமாகப் போடும் நீளக்கைச் சட்டையோடு நின்றேன். உன் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது வேணாம். தம்பியோட மஞ்ச சட்டையப் போட்டுக்க. ஓட்டப் பந்தய சட்ட." எதுக்கு என்று கேட்டேன். "போட்டுக்க. திரும்பி நில்லு, முதுகு தெரியட்டும்" என்றார். உன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நான்தான் அந்தச் சட்டையின் முதுகில் எண்ணை வெட்டித் தைத்தேன், ஏழு. தலை கொஞ்சம் சாய்ந்துபோன ஏழு. அது கோணலாக இருக்கிறது என்று நீ பந்தயத்துக்கு முதல் நாள் அழுதாய். அவர் கேட்டபடி நான் திரும்பி நின்றேன். புல்வாரியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. நான் முட்டாள் இல்லை, தம்பி. எதற்கு என்று சட்டையை மாட்டும்போதே புரிந்துவிட்டது. பெயர் போகக்கூடாது, முகம் போகக்கூடாது. ஏழு போகலாம்.

அந்தச் சட்டையின் கதை உனக்கு நினைவிருக்கும். கோலசிலாங்கூர் திடலில் நீ இரண்டாவதாக வந்தாய். பரிசு கொடுக்கப்போகும் நேரத்தில் நீயே போய், வளைவில் நான் அடுத்தவன் கோட்டை மிதித்துவிட்டேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. உன் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், உன் அப்பா என்ன செய்வாரோ என்று. அவர் உன் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு எத்தனை வருஷம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்! கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும், "எம்மவன் யாரும் பாக்காட்டியும் கோட்ட மிதிச்சா மிதிச்சேன்னு சொல்லிருவான்" என்பார். கேட்டவர்களே திரும்பக் கேட்டுச் சலித்தார்கள். அந்த மகனுக்கு அடையாளம் காட்ட அதே சட்டையைத்தான் எடுத்தார். யோசித்துத்தான் எடுத்தாரா, கையில் கிடைத்ததை எடுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நேர்மை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருந்தால் நமக்குச் சௌகரியம் போலிருக்கிறது.

பெட்டியில் உறைகளைப் போட்டுவிட்டு வந்த அன்று ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். சரோஜாக்காவிடம், இனி நேராக அரசாங்கச் சம்பளம், இடையில் எவனும் இல்லை என்றார். அந்தப் பெண்களும் நம்பினார்கள்.

பிறகு நீ எனக்கு ஃபோன் செய்தாய். அவருக்குச் செய்யவில்லை, எனக்குச் செய்தாய். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மா, யாரோ லீவுல போயிட்டாங்கன்னு என்னைக் கடைசி நேரத்துல மார்க் போடற குழுவுல போட்டாங்க. எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இதுல இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உக்காந்தேன். நாலாம் நம்பர் படிச்சேன். கடைசிப் பக்கம் வந்தப்பதான் தெரிஞ்சது. உங்க முதுகு. ஏழு." அதன்பிறகு சொன்னாய்: "எழுந்துட்டேன் மா. தலைவர்கிட்ட சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வேற ஆளப் போட்டு எல்லாத்தையும் மொதல்லேந்து படிக்கச் சொல்லிட்டாங்க." நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய், அது பொய் என்று குரலிலேயே தெரிந்தது.

நாலாம் எண் தேறவில்லை. விலை உறையைப் பிரிக்கவே இல்லை. பிரிக்காத உறை மாதிரியே உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செகிஞ்சான் பெண்ணின் கம்பெனிக்குக் கிடைத்தது. "கண்டுபிடிச்சுட்டு எழுந்து போயிட்டானாம். கண்டுபிடிச்சவன் உக்காந்திருக்கக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். நீ அவரை அழைத்தபோது, "அப்பா, நான் வெளிய மட்டும்தான் வந்தேன், உங்களுக்கு எதிரா ஒண்ணும் செய்யல" என்றாய். அவர் ஃபோனை மேசையில் குப்புற வைத்தார். காப்பிக் கடையில் மகன் கழுத்தை அறுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். உன் காதுக்கும் வந்திருக்கும், ஊர் வாய் எதையும் வைத்துக்கொள்ளாது.

இப்போது நான் உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ எழுந்தது சரி. எனக்கு அதில் சந்தேகம் இல்லை, இருந்தாலும் அதைச் சொல்லும்போது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஆனால் பெர்ஜுந்தாயில் புல் வெட்டும் குத்தகைக்கு உன் அப்பா போடாமல் வேறு யார் போடுவார்? உன் பெயர் எழுதிய லோரி எங்கள் வாசலில்தானே நிற்கிறது? தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு. நாற்காலியில் உட்காரும் முன்னே, என் அப்பா இதில் இருக்கலாம், நான் வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கலாம். அதையும்விட, அன்றைக்கு ஃபோனில் சொன்னதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நம் ஆட்களிடம் போய், சொல்லாதீங்க என்றால், சரி, நமக்குள்ள இருக்கட்டும் என்று அர்த்தம். முடியாது என்றால் முடியாது என்று எதிரே உட்கார்ந்து, சோறு சாப்பிட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். இது ஷா ஆலம் கட்டடத்தில் யாரும் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகி, ஒரு வீடு என்று வந்தால் இது உதவும்.

இப்போது நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எழுதுகிறேன். உள்ளூர் ஆட்களைத்தான் வைக்க வேண்டும் என்று குத்தகையில் இருக்கிறதாம். செகிஞ்சான் பெண் வந்து சரோஜாக்காவையும் மற்றவர்களையும் எடுத்துக்கொண்டாள். என்னையும் கேட்டாள். நான் உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் போனேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள். சம்பளத்தில் இ.பி.எஃப். சேமிப்பும் பிடிக்கிறாள். போன மழையில் கால்வாய் எதிர்த்துக்கொண்டது. வெட்டிய புல்லை மேட்டில் கட்டிப் போட ஏற்கெனவே இடம் குறித்து வைத்திருந்தாள். சரோஜாக்கா பூட்ஸைப் பார்த்து, "இத்தன வருசம் வெறுஞ் செருப்போட நின்னோமே, ஒருத்தருக்கும் தோணல பாரு" என்றார். சொல்லிவிட்டு, நான் யார் மனைவி என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் காலிலும் அந்த பூட்ஸ்தான் இருந்தது.

அப்பா லோரியைத் துடைக்கிறார், ஓட்டுவதில்லை. அந்தப் பெண் இவரையும் மேற்பார்வைக்குக் கேட்டாள். யோசிக்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் கோயிலுக்குப் போனோம், குருக்களைப் பார்த்து மற்றதைப் பேச. லோரியில்தான் போனோம், அது ஓடியதே எனக்கு ஆச்சரியம். குருக்கள், சங்கல்பத்தில் சொல்லப் பிள்ளைகள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மூத்தவன் யார் என்றார். அப்பா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். குருக்கள் சரியாகக் காதில் விழாமல் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னார். "இல்ல சாமி, அவிட்டம்" என்று அப்பா திருத்தினார். அவ்வளவுதான். திருத்திவிட்டு மறுபடியும் பல்லியைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மெதுவாகப் போனது. முந்தாமல் அதன் பின்னாலேயே ஓட்டினார். ரொம்ப தூரம் போனபிறகு கேட்டார்.

"அவன் கடைசிப் பக்கத்துலதான் கண்டுபிடிச்சேன்னு சொன்னான், இல்ல?"

"ஆமாங்க."

"அப்படின்னா அதுக்கு முந்தி இருந்ததையெல்லாம் படிச்சிருக்கான்."

"படிச்சிருப்பான்."

"யாரோ ஒருத்தன் எழுதினதுன்னு நெனச்சுப் படிச்சிருக்கான். அப்பன்னு தெரியாம." கியரை மாற்றினார். "எத்தன மார்க் போட்டிருப்பான்?"

நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். "எழுதினது சரியில்லதான் லா. எனக்கே தெரியும்" என்றார். "ஆனா அவன் என்ன நெனச்சான்னு தெரியணும்." லோரியை நிறுத்திவிட்டு, கதவில் உன் பெயர்மேல் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உதட்டில் கொஞ்சம் சூடு தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

குத்தகை போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது, அது இப்போது பழகிவிட்டது. காப்பிக் கடையில் பேசிய பேச்சையெல்லாம் விடு. உன் கண்ணுக்கு அவர் யாரோ ஒருவராக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ அவரை எப்படிப் படித்தாய் என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்தச் சட்டையைப் போடச் சொன்னது அவர், போட்டுக்கொண்டு திரும்பி நின்றது நான். இதைத் தெரிந்துகொண்டுதான் நீ வர வேண்டும், தெரியாமல் வர வேண்டாம். யாரும் உன்னை அழைக்கப்போவதில்லை, தம்பி. இது நீ நடத்துகிற கல்யாணம். மலர் ஒரு பக்கம் கலசத்தைப் பிடித்து நிற்பாள். இன்னொரு பக்கம் காலியாக இருக்கிறது.

வந்து அந்த மார்க்கை அவரிடம் சொல்லு. குறைவு என்றால் குறைவு என்று சொல்லு, ஏன் குறைந்தது என்றும் சொல்லு, அவர் தாங்குவார். வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருந்தால் அதையும் மீறாதே. அப்படியென்றால் சொல்ல முடியாதுப்பா என்பதை அவர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஃபோனில் வேண்டாம். இந்தத் தடவை அவர் சரியாகப் புரிந்துகொள்வார்.

உன் அம்மா,
நாலாம் எண்ணின் கடைசிப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றவள்.